சரோவுக்கு ஒரு தையல் மிஷின்

ஒரு வாக்குமூலம் கொடுத்துவிட்டு ஆரம்பிக்கிறேன். நான் சீரியல் பார்ப்பவன்.

'வீட்டுல ஓடுது, காதுல விழுது' என்று சமாளிக்கிற ரகம் இல்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ரசம் ஆறிப்போவது தெரியாமல் பார்க்கிறவன். ஆபீஸில் யாராவது சீரியல் பேச்சை எடுத்தால், "அதுக்கெல்லாம் ஏது சார் நேரம்?" என்பேன். காது மட்டும் அந்தப் பக்கமே இருக்கும். சிரிக்காதீர்கள், உங்களிலும் பாதிப் பேர் அப்படித்தான்.

இந்தப் பழக்கம் எனக்குத் தொற்றியது அன்னவாசலில். புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் போகிற வழியில், சித்தன்னவாசலைத் தாண்டினால் எங்கள் ஊர். ஓவியம் பார்க்க வெளியூர்க்காரர்கள் சித்தன்னவாசலோடு திரும்பிவிடுவார்கள். எங்கள் ஊருக்குள் வர அவர்களுக்கு ஒரு காரணமும் கிடையாது.

1999 டிசம்பரில் சன் டி.வி.யில் 'சித்தி' ஆரம்பித்தபோது, புதுக்கோட்டையில் பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் கேபிள் கனெக்‌ஷனோடு டி.வி. இருந்தது சித்தப்பா வீட்டில்தான். அரசாங்கம் இலவச கலர் டி.வி. கொடுக்க ஆரம்பித்தது 2006-ல். அதுவரை எங்கள் தெருவுக்கு சித்தப்பா வீட்டுக் கூடம்தான் தியேட்டர். டைட்டில் பாட்டு கேட்டதும் தெருவே உள்ளே வந்துவிடும். சித்தப்பா வீட்டில், சித்தியோடு உட்கார்ந்து, 'சித்தி' பார்த்தேன். பக்கத்தில் சித்தப்பா மகள், என் தங்கச்சி. பாவாடையை இழுத்து மூடிக்கொண்டு, விளம்பரம் போடும்போது மட்டும் மூச்சு விடுவாள்.

அப்போது எங்களைக் கட்டிப்போட்டது எது? இன்றைக்கு யோசித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. சினிமாவில் கதாநாயகிக்கு நாலு பாட்டு, ஒரு கிளைமாக்ஸ் கதறல். சீரியலில் கதையே அவளுடையது. மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்று காலங்காலமாகச் சொல்லி வைத்திருந்த கதையை ராதிகா புரட்டிப் போட்டார். சினிமா 'அம்மா வேஷம் பண்றீங்களா?' என்று கேட்கிற வயதில், ஒரு நடிகை தமிழ்நாட்டின் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தையே மாற்றி வைத்தார். வணிகம் படித்தவன் என்பதால் இன்னொன்றையும் கவனித்தேன். அந்த சீரியலைத் தயாரித்த ராடான் நிறுவனம் அவருடையது. பிறகு அது பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனி. திரையில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பெண்தான், திரைக்குப் பின்னால் செக்கில் கையெழுத்துப் போடுபவர். இந்த முரணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவோம்.

அடுத்து 'மெட்டி ஒலி'. 2002 முதல் 2005 வரை, திருமுருகன் இயக்கியது. மனைவி இல்லாமல் ஐந்து பெண்களைக் கரையேற்றும் அப்பாவாக டெல்லி குமார். சத்தம் போடாத, கை ஓங்காத, பெண்ணுக்காகத் தலை குனியத் தயங்காத ஒரு அப்பாவைத் தமிழ்த் திரை அதற்கு முன் அவ்வளவு பொறுமையாகக் காட்டியதில்லை. அதே சமயத்தில் திருச்செல்வத்தின் 'கோலங்கள்'. 2003-ல் தொடங்கி 2009 வரை. தேவயானி நடித்த அபி, சரிப்பட்டு வராத புருஷனை விட்டு விலகி, கட்டட கம்பெனி நடத்துகிறாள். அபிக்கும் தொல்காப்பியனுக்கும் இடையில் இருந்தது காதல் இல்லை, நட்பு. டீக்கடையில் இதைப் பற்றிச் சண்டையே நடந்திருக்கிறது. நான் நட்பு கட்சி.

ஆக, சீரியல் என்றாலே குப்பை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் உறுத்தல் வேறு இடத்தில் இருக்கிறது. அது எப்போது ஆரம்பித்தது என்றும் தெரியும்.

2003-ல் ஒரு சாயங்காலம். அப்போது ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வீடு திரும்பினால், சித்தப்பா வீட்டு வாசலில் தங்கச்சியின் செருப்பு. கல்யாணமாகி எட்டே மாதம். உள்ளே போனால் சுவரோரமாக உட்கார்ந்திருக்கிறாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ராத்திரி வழக்கம்போல டி.வி. போட்டார்கள். 'மெட்டி ஒலி'யில் அன்றைக்கு சரோவை மாமியார் படுத்தும் காட்சி. சரோவாக காயத்ரி, மாமியார் ராஜமாக சாந்தி வில்லியம்ஸ். அந்த மாமியாரைத் திட்டாத வீடு அன்று தமிழ்நாட்டில் கிடையாது. எங்கள் கூடத்தில் பதினைந்து பேர் இருந்திருப்போம். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. "பாவம், பச்சப்புள்ள. இவ வெளங்குவாளா?" என்று சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நானும் துடைத்துக்கொண்டேன், மறைவாக.

சுவரோரமாக இருந்தவள் மட்டும் அழவில்லை.

மறுநாள் காலையில் சித்தி பையைக் கட்டினாள். "பொம்பள பொறுத்துத்தான்டி போகணும். நாலு நாள்ல எல்லாம் சரியாயிரும்" என்றாள். பஸ் ஸ்டாண்டு வரை அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு போனது யார்? நான்தான். பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தங்கச்சி ஒன்று சொன்னாள்.

"டி.வி.ல வந்த புள்ளைக்கு அம்புட்டு அழுதீங்களேண்ணே."

அவ்வளவுதான் சொன்னாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அந்த ஜன்னலை விட்டு நான் இன்னும் இறங்கவில்லை.

இதில் சித்தியைக் கொடுமைக்காரி ஆக்கிவிட்டுத் தப்பிக்க முடியாது. அவள் கதை தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. கலெக்டராக இருந்தவர் ஷீலாராணி சுங்கத். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தார்கள். கல் குவாரியில் வேலை செய்கிற பெண்கள், கூலிக்குப் போகிற பெண்கள் என்று ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதைப் பற்றி எழுதிய கட்டுரை பிறகு வட இந்தியப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்திப் பாடப்புத்தகத்தில் பாடமாகவே வந்தது. சித்தியும் அப்போது சைக்கிள் பழகியவள். சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, விழுந்து, முட்டி பெயர்ந்து, மறுபடி ஏறியவள். கிண்டல் பண்ணிய ஆம்பிளைகளை "வந்து பிடிங்கடா பாப்போம்" என்று பெல்லடித்துவிட்டுப் போனவள்.

அந்த சித்திதான் பையைக் கட்டினாள்.

சீரியல்தான் கெடுத்தது என்று சொன்னால் அது பொய். சீரியல் வருவதற்கு முன்பே பெண்களைத் திருப்பி அனுப்பிய ஊர்தான் எங்கள் ஊரும், உங்கள் ஊரும். ஆனால், அந்த ராத்திரி சீரியல் எங்களுக்கு ஒரு வசதி பண்ணிக்கொடுத்தது. பக்கத்தில் இருந்தவளுக்குச் சேர வேண்டிய அழுகையைத் திரையில் இருந்தவளுக்கு அழுது முடித்துவிட்டோம். மனசு லேசாகிவிட்டது. கணக்கு தீர்ந்துபோன மாதிரி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில்தான் மறுநாள் பையைத் தூக்க முடிந்தது.

இப்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். அதுதானே எனக்குத் தெரிந்த தொழில்.

'கோலங்கள்' மொத்தம் 1,533 எபிசோடுகள். விளம்பரத்தைக் கழித்து ஒன்றுக்கு 20 நிமிஷம் என்று வைத்தாலும் 511 மணி நேரம். இரண்டரை மணி நேர சினிமா சுமார் 200-க்குச் சமம். ராப்பகலாகத் தூங்காமல் பார்த்தால் 21 நாள் ஆகும். இவ்வளவு நீளத்துக்கு ஒரு கதையை ஓட்ட வேண்டுமானால் அடிப்படைச் சரக்கு என்ன வேண்டும்? தீராத ஒரு பிரச்னை.

இந்த மாதிரித் தொடர்களுக்கு ஆங்கிலத்தில் 'சோப் ஓபரா' என்று பெயர். 1930-களில் அமெரிக்க ரேடியோவில் இல்லத்தரசிகளுக்காக நாடகம் போட்டபோது, சோப்பு கம்பெனிகள் பணம் கொடுத்ததால் வந்த பெயர். நம் ஊரிலும் அதே ஏற்பாடுதான். சோப்பு, மசாலா, பட்டுப்புடவை, நகை. நாளைக்கும் இதே நேரத்துக்கு நீங்கள் வந்து உட்கார வேண்டும். வந்தால்தான் ரேட்டிங், ரேட்டிங் இருந்தால்தான் விளம்பரம். நீங்கள் வர வேண்டுமானால், இன்றைக்கு ஓங்கிய கை இன்றைக்கே இறங்கக் கூடாது. அடிவாங்கப் போகிறவள் அந்த வீட்டை விட்டுப் போய்விடவும் கூடாது.

யோசித்துப் பாருங்கள். சரோ ஒருநாள் எழுந்து, கதவைத் திறந்து, பஸ் ஏறி, வேலை தேடிக்கொண்டால் என்ன ஆகும்? கதை முடிந்தது. யூனிட்டுக்கு வேலை இல்லை. ஆகவே, அவள் பொறுத்துத்தான் ஆக வேண்டும். இந்தப் பொறுமையைத்தான் 'குடும்பப் பாங்கு', 'தமிழ்ப் பண்பாடு' என்று பெயர் வைத்து நமக்கு விற்கிறார்கள். பண்பாடும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவள் பொறுமை அந்த வியாபாரத்தின் மூலதனம். மூலதனத்தை யாராவது வெளியே விடுவார்களா?

"சமூகத்துல நடக்கிறதைத்தானே சார் காட்டறோம்?" என்பார்கள். சரி. நடப்பதை முழுசாகக் காட்டுங்களேன். 1989-லேயே தமிழ்நாட்டில் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. சீரியலில் நல்ல பெண் என்றால், பங்கே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவள். தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் திறந்தாயிற்று. சீரியலில் போலீஸ் ஜீப் வருவதே, செய்யாத குற்றத்துக்குக் கதாநாயகியைப் பிடித்துப் போகத்தான். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரில் அமலுக்கு வந்தது. சட்டம் வந்தும் அந்த வீடுகளில் அறை விழுவது நிற்கவில்லை. அடி நடப்பது மட்டும் நிஜத்திலிருந்து வருகிறது. தப்பிக்கிற வழி வரும்போது நிஜத்தை வெட்டிவிடுகிறார்கள்.

அப்புறம் வில்லி. இவளைப் பற்றிப் பேசாமல் சீரியலைப் பற்றிப் பேச முடியுமா?

வில்லியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தூக்கலான பொட்டு, அளவாக வெட்டிய முடி, முதுகு தெரியும் ஜாக்கெட், நடுநடுவே இங்கிலீஷ். ஆனால், கணக்குப்பிள்ளைக் கண்ணால் பாருங்கள். அந்த வீட்டில் பத்திரம் என்றால் என்ன, பவர் ஆஃப் அட்டர்னி என்றால் என்ன என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கதாநாயகி நீட்டின இடத்தில் கையெழுத்துப் போடுவாள். வில்லி படித்துப் பார்ப்பாள். அவளுக்குத்தான் ஆசை இருக்கிறது, திட்டம் இருக்கிறது, ஒரு காரியத்தை ஆரம்பித்து முடிக்கிற கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. நமக்கு அவளைப் பிடித்துத் தொலைக்கிறதே, ஏன்? முழுக் கதையிலும் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த ஒரே பெண் அவள்தான். பார்க்கிற பெண் குழந்தைக்கு இது என்ன பாடம்? வேண்டும் என்று நினைக்கிற பெண் கெட்டவள். எதுவும் வேண்டாதவள் நல்லவள்.

ஆனால், பார்க்கிறவர்கள் நாம் நினைக்கிற அளவுக்கு ஏமாளிகள் இல்லை. அதற்கு ஆதாரம் அன்னவாசல் கடைவீதியில் இருக்கிறது.

தங்கச்சி என்ன ஆனாள் என்று கேட்பீர்கள் என்று தெரியும். ஐந்து மாதம் கழித்து மறுபடி வந்தாள். இந்தத் தடவை பஸ்ஸில் இல்லை. வாடகைக்கு ஒரு குட்டி லோடு வண்டி பிடித்து, சீராகக் கொண்டுபோன தையல் மிஷினோடு வந்து இறங்கினாள். பையோடு வந்தவளைத் திருப்பி அனுப்பலாம். மிஷினோடு வந்தவளை எப்படி அனுப்புவது? சித்தி ஒன்றும் பேசவில்லை. மிஷினின் ஒரு பக்கத்தைப் பிடித்து உள்ளே தூக்கி வைத்தாள். இன்னொரு பக்கத்தை நான் பிடித்தேன். போன தடவை தூக்கின பைக்கு அதுதான் என் பிராயச்சித்தம். போதாது என்று தெரியும்.

இன்றைக்கு அவள் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். கடையில் டி.வி. உண்டு. இப்போதும் தீவிர ரசிகை. அவள் கடைக்கு வருகிற பெண்கள் போனில் படத்தைக் காட்டி, "இந்த மாதிரி கழுத்து வைக்கா" என்பார்களாம். அந்தப் படத்தில் இருப்பது யார் தெரியுமா? பத்துக்கு ஏழு வில்லி. "கதாநாயகி மாதிரி இருக்கணும்னு புள்ளைகளுக்குச் சொல்றோம். ஆனா, ஜாக்கெட்டு மட்டும் வில்லி மாதிரி கேக்கிறோம்ணே" என்று சிரிக்கிறாள். விமர்சகர்கள் பத்துப் பக்கம் எழுதுவதை என் தங்கச்சி ஒரு கழுத்தளவில் சொல்லிவிட்டாள்.

2020 கொரோனா ஊரடங்கில் ஷூட்டிங் எல்லாம் நின்றுபோக, பழைய சீரியல்களைத் தூசி தட்டிப் போட்டார்கள். 'மெட்டி ஒலி'யும் வந்தது. சென்னையில் நான், அன்னவாசலில் அவள். சரோவின் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. எனக்குப் பழைய ஞாபகம், தொண்டை அடைத்தது. அவளுக்கு அடைக்கவில்லை.

"அண்ணே, இந்த சரோவுக்கு எவனாச்சும் ஒரு தையல் மிஷின் வாங்கிக் குடுத்திருந்தா நூறு எபிசோடுல முடிஞ்சிருக்கும்ல?"

காலம் மாறவில்லையா என்றால், மாறியிருக்கிறது. 'கோலங்கள்' எடுத்த அதே திருச்செல்வம் 2022-ல் 'எதிர்நீச்சல்' கொண்டுவந்தார். படித்த பெண்களாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்து அடுப்படியில் நிறுத்துகிற வீடு. நாலு மருமகள்கள். ஆணாதிக்கத்தை இவ்வளவு நேராகப் பேர் சொல்லிப் பேசிய சீரியல் குறைவு. அந்தப் பெண்கள் சமையலறையில் ஒருத்திக்கொருத்தி துணையாகப் பேசிக்கொள்ளும் காட்சிகளுக்காகவே நான் பார்த்தேன். மாமியார்-மருமகள் சண்டையிலிருந்து நாம் ரொம்ப தூரம் வந்துவிட்டோம் என்றுகூட நினைத்தேன்.

ஆனால் நடந்தது என்ன? ஆதி குணசேகரனாக மாரிமுத்து பிய்த்து உதறினார். 'இந்தாம்மா... ஏய்' என்று அவர் அதட்டுவதை ஊரே ரீல்ஸ் போட்டுக் கொண்டாடியது. பெண்களை அதட்டுகிறவனைக் காட்டிக்கொடுக்க எழுதிய வசனம், அதட்டுவதற்கு ஒரு ஸ்டைலாகிப்போனது. 2023 செப்டம்பர் 8-ம் தேதி அந்த அருமையான நடிகர் திடீரென்று மறைந்தார். அவருக்காக நானும் கலங்கினேன். அவர் மேல் குறை இல்லை. நாம் எதைக் கைதட்டி ரசித்தோம் என்பதுதான் கேள்வி. நந்தினியின் பதிலடியை எத்தனை பேர் ரிங்டோனாக வைத்துக்கொண்டோம்?

2024 ஜூனில் அந்த சீரியல் முடிந்தது. அதே வருஷம் டிசம்பரில் அடுத்த பாகம். பெயர்: 'எதிர்நீச்சல் தொடர்கிறது'. நான் இத்தனை பக்கம் மூச்சுப் பிடித்துச் சொன்னதை அவர்கள் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நீச்சல் தொடர வேண்டும். கரை வந்துவிடக் கூடாது.

விஜய் டி.வி.யின் 'பாக்கியலட்சுமி'யும் அப்படித்தான். புருஷன் ஏமாற்றியதும் சமையல் தொழிலில் சொந்தக் காலில் நிற்கிறாள் பாக்யா. எழுந்து நின்று கைதட்டலாம். ஆனால், விவாகரத்து ஆன பிறகும் அந்த மனிதர் கதையை விட்டுப் போகவே இல்லை. போனால் எப்படி 2020-லிருந்து 2025 வரை ஓட்டுவது?

ஆகவே, 'சீரியல் பார்க்காதீர்கள்' என்று உங்களுக்கு நான் உபதேசம் செய்யப்போவதில்லை. எனக்கே அது முடியாது. ஒன்றே ஒன்று செய்யலாம். அடுத்த தடவை ஒரு பெண் திரையில் பொறுத்துப்போகும்போது, உங்களுக்குக் கண்ணீர் முட்டும்போது, பக்கத்தில் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். சுவரோரமாக யாராவது அழாமல் உட்கார்ந்திருக்கலாம். அந்த அழுகை அவளுக்குச் சேர வேண்டியது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சனிக்கிழமை ராத்திரி. கடையைச் சாத்துகிற நேரம். தங்கச்சி கடைசி ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். சைக்கிளை எப்போதோ விட்டுவிட்ட சித்தி, மூட்டுவலியோடு நாற்காலியில். டி.வி.யில் யாரோ ஒருத்தன் கையை ஓங்கினான். படம் உறைந்து நின்றது. திங்கட்கிழமைதான் இறங்கும்.

"அந்தப் புள்ள இந்நேரம் பஸ் ஏறியிருக்க வேணாமா?" என்றாள் சித்தி.

தங்கச்சி நூலைப் பல்லால் கடித்துவிட்டு, அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் மட்டும், "திங்கக்கெழம என்னாச்சுன்னு போன் பண்றேண்ணே" என்றாள்.

வேண்டியதில்லை. நானும் பார்ப்பேன்.